கையில் கொடுத்த வெற்றிலை

எங்கள் வீட்டில் உதட்டைப் பற்றிப் பேசக் கூடாது. பல்லைப் பற்றியும் கூடாது. நைனா கல்யாண பேண்டில் கார்னெட் என்கிற பித்தளைக் குழல் ஊதுகிறவர். மாஸ்டருக்கு உதடு வெடித்திருக்கிறது என்று வெளியே ஒரு சொல் போனால் போதும், பேண்டு பேச வந்தவர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். பித்தளை ஊதுகிற எல்லோருக்கும் இதுதான் வழக்கம். ஒரு நாள் ஊதுவது கெட்டுப்போனால், “இன்னிக்கு வரல” என்று சொல்லலாம். அது ஒரு நாளோடு போகும். உதடு சரியில்லை என்று சொன்னால் ஆளே முடிந்துபோனான் என்று அர்த்தம்.

நைனாவின் அப்பா பரங்கிமலையில் பட்டாளத்துக் குதிரைகளைக் கழுவியவர். லாயத்துக்குப் பக்கத்தில் பேண்டுக்காரர்கள் பழகுவதைக் கேட்டுக் கேட்டு நைனா ஊதக் கற்றுக்கொண்டார். பிறகு ஊமைப் படங்கள் ஓடிய காலத்தில் கொட்டகையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஊதினார். குதிரை ஓடினால் ஒரு மெட்டு, கதாநாயகி அழுதால் ஒரு மெட்டு. படமே பேச ஆரம்பித்ததும் கொட்டகைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, “இனிமே நீங்க வேணாம் மாஸ்டர்” என்று சொல்லிவிட்டார். அப்புறம் கல்யாணங்கள்தான் வாழ்வு. காலையில் இரண்டு மூன்று பேர் ஊதப் பழக வருவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது என்பதால் கார்னெட் பெட்டிக்குள் இருக்கும். நாங்கள் பழைய சோற்றில் இருப்போம்.

நான் அந்த வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள். மயிலாப்பூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பில் இருந்தேன். எங்கள் வரிசை வீடுகளில் யாருக்குத் தந்தி வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் கர்வம் உண்டு, இன்றும் உண்டு. மறைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அந்த வருஷம் நைனாவின் முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்திருந்தது. அம்மாவுக்குத் தெரியும். நைனா மாம்பழத்தைக் கடிக்காமல் கத்தியால் நறுக்கித் தின்பதைப் பார்த்து எனக்கும் தெரிந்தது. கார்னெட்டின் வாய்ப்பக்கத்துச் சின்னக் கிண்ணத்தை உதட்டில் வைத்து அழுத்தும்போது பின்னால் நின்று தாங்குவது முன்பல்தான். அது போனால் மேல் சுரம் போகும். மேல் சுரம் போனவர்கள் பேண்டில் பெரிய மேளத்தையோ, ஒன்றோடொன்று அடிக்கும் பித்தளைத் தட்டுகளையோ தூக்கிக்கொண்டு பின்வரிசையில் நடப்பார்கள். அதற்கு முன்பே எங்காவது சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைத்துவிட்டால் தப்பிக்கலாம்.

பேண்டில் யூபோனியம் என்ற பெரிய குழல் ஊதும் மாமா ஒருநாள் அப்படி ஒரு சேதி கொண்டுவந்தார். அடையாற்றில், வெள்ளைக்காரத் துரை ஒருவர் நடத்தும், பையன்கள் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றில் பேண்டு கற்றுத்தர ஆள் தேடுகிறார்கள்.

“மாசமானா சம்பளம் மாஸ்டர். ஆடிலயும் சம்பளம். நாங்கல்லாம் மார்கழி முழுக்க உன் வூட்டாண்ட வந்து குந்திக்குவோம்” என்றார் மாமா.

“வாங்க வாங்க. உங்க யூபோனியத்தக் கவுத்துட்டு அதுலயே உலை வச்சுட்றேன்” என்றாள் அம்மா.

“வையி தங்கச்சி. அடி கொஞ்சம் ஓட்ட. கஞ்சி நல்லா வடியும்.”

நைனா சிரிக்கவில்லை. “துரையாண்ட இங்கிலீஷ்ல பேசணுமே” என்றார்.

“உன் பொண்ணு எதுக்குக் கீது? இம்மாம் படிக்க வச்சு வூட்லயா குந்த வைக்கப் போற?”

நான் தலையை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டேன். அன்றிலிருந்து என்னென்ன கேட்பார்கள், நான் என்னென்ன சொல்வேன் என்று மனத்துக்குள் இங்கிலீஷில் ஒத்திகை பார்த்தபடி இருந்தேன்.

துரை வரச் சொன்ன நாளுக்கு முந்தின மாலை ஒரு ஜானவாசம், மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம், வந்து சேர்ந்தது. ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். மணப்பெண் என் வகுப்பில், என் பெஞ்சிலேயே உட்கார்ந்தவள். அவள் அப்பா பெயர் பெற்ற வக்கீல். அவருக்கு அது எங்கள் பேண்டு என்று தெரியாது. கல்யாண வேலைகளைக் கவனித்த காரியஸ்தர்தான் மாமாவிடம் பேசி முடித்திருந்தார். நைனா போகாமல் இருக்கலாம் என்றாள் அம்மா. கார்னெட் இல்லாத பேண்டை யார் கூப்பிடுவார்கள் என்றார் நைனா. மெதுவாக ஊதிக்கொள்வதாகவும், மேல் சுரங்களைக் கிளாரினெட்காரரிடம் விட்டுவிடுவதாகவும் சொன்னார். கிளம்புவதற்கு முன் உதட்டில் நெய் தடவிக்கொண்டார்.

நான் மணப்பெண்ணின் தோழியாக வக்கீல் வீட்டுப் பந்தலில் நின்றேன். நைனாவின் பேண்டை நான் எத்தனையோ தடவை தெருவில் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்து, வரவேற்கிற பக்கத்திலிருந்து பார்த்தது அன்றுதான். முதலில் கார்னெட் கேட்டது. பிறகு காஸ் விளக்குகள் தெரிந்தன. சிவப்புக் கோட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நாகஸ்வரக் கோஷ்டி, அதற்கும் பின்னால் திறந்த மோட்டாரில் மாப்பிள்ளை. தெருத் திருப்பத்தில் ஒரு வரி மேலே ஏறியது. கிளாரினெட்டிடம் விடுவதாகச் சொன்ன வரியை நைனாவே ஊதினார். அவரால் விட முடியவில்லை. நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரியும்.

பக்கத்தில் நின்ற பெண்கள், “ரொம்ப நன்னா வாசிக்கறார்டீ” என்றார்கள்.

“அது எங்க அப்பா” என்றேன்.

பள்ளியில் அதுவரை நான் சொன்னதில்லை. மறைத்ததும் இல்லை. யாரும் கேட்டதில்லை. அன்று சொல்ல வேண்டும்போல இருந்தது. மணப்பெண்ணின் தங்கை உள்ளே ஓடிப்போய்த் தன் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

ஊர்வலம் வாசலுக்கு வந்தது. நாகஸ்வரக்காரர்கள் உள்ளே போனார்கள். பேண்டுக்கு உள்ளே இடமில்லை. அவர்கள் பந்தல் காலோடு நின்றுவிடுவார்கள். அவர்களுக்கான வெற்றிலையை ஒரு வேலையாள் தட்டில் கொண்டுவந்து சுவர் ஓரம் கீழே வைத்துவிட்டுப் போவான். குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நைனா போடமாட்டார். மடியில் கட்டி அம்மாவுக்குக் கொண்டுவருவார். ஊதி வெடித்த உதட்டில் சுண்ணாம்பு பட்டால் வெந்துவிடும் என்பது ஊதுகிறவர்களுக்கு முதல் பாடம்.

அன்று வேலையாள் வரவில்லை. வக்கீலே தட்டோடு வந்தார்.

“எங்காத்துக் கொழந்தையோட ஒண்ணாப் படிக்கறாளே, அவ அப்பாவா நீங்க? யாரும் சொல்லலையே. இவ்வளவு தூரம் ஊதிண்டே நடந்து வந்திருக்கேள். சித்த நில்லுங்கோ” என்றார். பிறகு தானே இரண்டு வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து, நைனாவின் கையில் கொடுத்தார். விரலும் விரலும் பட்டன. “போட்டுக்கோங்கோ” என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

அவர் சுண்ணாம்பு தாராளமாகப் போடுகிறவர். அவருக்கு அது பழக்கம்.

மாமா யூபோனியத்துக்கு மேலாக நைனாவைப் பார்த்தார். நைனா என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். என் வகுப்புப் பெண்கள் எல்லோரும் பார்க்க, அந்தப் பெரிய மனிதர் என் அப்பாவின் கையைத் தொட்டு வெற்றிலை கொடுத்த காட்சி என் கண்ணை நிறைத்திருந்தது. அடுத்த நாள் காலை என்று ஒன்று இருப்பது அந்த நிமிஷத்தில் என் நினைவில் இல்லை. நைனா வெற்றிலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார்.

விடிந்தபோது மேலுதடு நடுவில் தடித்து, தோல் உரிந்து, வெள்ளையாகக் கிடந்தது. அம்மா மறுபடியும் நெய்யை எடுத்தாள். பஸ்ஸில் அடையாற்றுப் பாலம் தாண்டும்வரை நைனா ஈரத்துணியை வாயில் வைத்துக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்து, ஆற்றையே பார்த்தபடி வந்தார்.

பள்ளிக்கூடத்துத் துரை வயதானவர்; நிதானமான மனிதர். எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். நைனா உட்காரவில்லை. துரை முதலில் சுரவரிசை ஊதச் சொன்னார். கீழே நன்றாக வந்தது. அடுத்து மெதுவான பாட்டு ஒன்று கேட்டார். அதுவும் வந்தது, துரை கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். கடைசியாக, பையன்களை மைதானத்துக்குக் கூப்பிட ஊதுவதுபோல, மேலே ஏறும் அழைப்பு ஒன்றை ஊதச் சொன்னார். நைனாவுக்கு அது தூக்கத்திலும் வரும். உச்சிக்குப் போகுமுன் உடைந்தது. மறுபடி ஊதினார். வெறும் காற்று வந்தது. கிண்ணத்தின் விளிம்பில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. அதைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டார்.

நான் எழுந்து நின்று துரையிடம் இங்கிலீஷில் சொன்னேன். என் அப்பாவின் உதட்டில் நேற்று மாலை காயம் பட்டுவிட்டது, ஆறியதும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் என்றேன். திக்காமல், வரிசையாகச் சொன்னேன். துரை நைனாவின் வாயை உற்றுப் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை வரலாமே என்றார். பிறகு இரக்கத்தோடுதான், எப்படிக் காயம் பட்டது என்று கேட்டார்.

உதடு என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தை நைனாவுக்குத் தெரியும். பட்டாளத்து லாயத்தில் கேட்டது.

“அவராண்ட இன்னா சொன்ன?” என்றார்.

சொன்னேன்.

“இப்ப அவர் இன்னா கேக்கறாரு?”

“எப்டி ஆச்சின்னு கேக்கறாரு நைனா. திங்கக்கெழம வரலாமாம். சுண்ணாம்பு பட்டுச்சின்னு சொல்லிடட்டுமா?”

“யார் குடுத்த சுண்ணாம்பு?”

நான் கிண்ணத்தின் விளிம்பைப் பார்த்தேன்.

“அந்த மனுசன் கைல மடிச்சுக் குடுத்தாரு. இருவது வருசமா ஊதறேன், ஒருத்தன் குடுத்தது கெடையாது. அத்தப் போயி இங்க காயம்னு சொல்லுவியா நீ?” குரலை உயர்த்தாமல் சொன்னார். “உதடு நல்லாத்தான் கீது, ஊத வரலன்னு சொல்லு.”

“நைனா, திங்கக்கெழம...”

“சொல்லு கண்ணு. அவர் காத்துகினு கீறாரு.”

துரை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். என் அப்பாவின் உதட்டில் ஒன்றும் இல்லை, அவரால் ஊத முடியவில்லை, அவ்வளவுதான் என்று சொன்னேன். துரை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முதலில் சொன்னதைப் பொய் என்று எடுத்துக்கொண்டிருப்பார். நன்றி சொல்லி, வாசல்வரை வந்து அனுப்பிவைத்தார்.

திரும்பும்போது பஸ் ஏறாமல் பாலத்தின்மேல் நடந்தோம். நைனாமேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. நடந்துகொண்டே, “நல்லா இங்கிலீஷ் பேசற. நின்னு பேசாம மடமடன்னு பேசற” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. பல் விழுந்தது. நைனா இப்போது பேண்டில் தட்டு அடித்துக்கொண்டு பின்வரிசையில் நடக்கிறார். கார்னெட்டை அவரிடம் கற்றவர் ஒருவர் ஊதுகிறார். நான் பயிற்சி முடித்து, ராயப்பேட்டையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஆடியிலும் என் சம்பளம் வருகிறது. மாமா அதைச் சொல்லிச் சிரிப்பார். அம்மாவும் நானும் சேர்ந்து சிரிப்போம்.

போன வைகாசியில் வக்கீலின் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம். நானும் போயிருந்தேன். அதே வாசலில் பேண்டு நின்றது. வக்கீல் மறக்கவில்லை, தட்டோடு தானே வந்தார். நல்ல மனிதர். கார்னெட் ஊதியவரைத் தேடிப்போய், வெற்றிலை மடித்து, கையில் கொடுத்தார். பித்தளைத் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு பின்வரிசையில் நின்ற நைனாவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கார்னெட்காரர் வாங்கிக் கண்ணில் ஒற்றினார். நெஞ்சில் வைத்துக் கும்பிட்டார். பிறகு கோட்டு ஜோபில் பத்திரமாக வைத்துக்கொண்டு, “சாமி பிரசாதம் மாதிரிங்க, வூட்ல சம்சாரத்துக்கும் குடுத்துச் சாப்பிட்றேன்” என்றார். வக்கீலுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அந்த வார்த்தைகள் எனக்குத் தெரிந்தவை. காலையில் பழக வருகிறவர்களுக்குக் கிண்ணத்தை உதட்டில் வைக்கச் சொல்லித்தருவதற்கு முன்னால் நைனா அதைத்தான் சொல்லித்தருகிறார். வெற்றிலையை எப்படி வாங்குவது, எங்கே ஒற்றுவது, என்ன சொல்லி ஜோபில் வைப்பது என்று, பாடம் வராதவனைத் திரும்பச் சொல்லவைப்பதுபோலச் சொல்லவைப்பார். ஏன் என்று யாராவது கேட்டால் அடுத்த சுரத்துக்குப் போய்விடுவார். நான் பள்ளிக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டே உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். இத்தனை சுலபமாக இருந்திருக்கிறது, அன்று அதை வாயில் போடாமல் இருப்பது.