கையெழுத்துக்குப் பிறகு திருப்பிய படம்

டொர்னாடோ புத்தகத்துக்கு அச்சு பிளேட் போட வேண்டிய அன்று காலை பத்து மணிக்கு போன் வந்தது. வேலை கொடுத்திருந்த பதிப்பகத்து அம்மா பேசினார். முதலாளி ராஜண்ணா ஸ்பீக்கரில் போட்டார். மாதிரிப் பிரதிகளைச் சாமராஜநகரில் ஒரு பள்ளிக்கு அனுப்பியிருந்தார்களாம். அங்கே ஐந்தாம் வகுப்பில் ஒரே சண்டையாம்.

"பாதிப் பிள்ளைங்க விரலை இப்படிச் சுத்துறாங்களாம், பாதிப் பேரு அப்படிச் சுத்துறாங்களாம். டீச்சருக்கே தலை சுத்திப் போச்சு. எது சரின்னு நீங்களே சொல்லுங்க சார்."

மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். நான் அங்கே இருபத்தாறு வருடம் லேஅவுட் ஆபரேட்டர். கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது.

புத்தகம் இதுதான்: கதைப் புத்தகம் அல்ல, தகவல் புத்தகம். அப்படி ஒன்றை எப்படி வாசிப்பது என்று பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவது அதன் வேலை. டொர்னாடோ என்கிற சுழல்காற்று ஒரு சாக்கு. பொருளடக்கம் எதற்கு, உபதலைப்பு எதற்கு, தடித்த எழுத்தில் ஒரு சொல் வந்தால் கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் ஏன் தேட வேண்டும், இதெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் வரும். பதினான்காம் பக்கத்தில் ஒரு விளக்கப்படம். மேகத்திலிருந்து புனல் மாதிரி தரைக்கு இறங்கும் காற்று, அதன் அடியைச் சுற்றி வளைந்தோடும் பெரிய சிவப்பு அம்பு. உலகின் வடபாதியில் இது பெரும்பாலும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. அம்போ கடிகார முள்ளோடு ஓடியது. கீழே கேப்ஷன் வேறு: "அம்பை உற்றுப் பார். காற்று எந்தப் பக்கம் சுழல்கிறது?"

பிள்ளைகள் உற்றுப் பார்த்துவிட்டார்கள்.

முகம் உள்ளே பார்க்கணும்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் இருக்கும் முகம் பக்கத்தின் உள்பக்கம், அதாவது பைண்டிங் பக்கம், பார்க்க வேண்டும். வெளியே பார்த்தால் வாசிப்பவர் கண்ணும் கூடவே வெளியே போய்விடும் என்பார்கள். முகம் வெளியே பார்த்தால் ஒரு கிளிக்கில் படத்தை ஃபிளிப் பண்ணுவோம், கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகிவிடும். கல்யாணப் பத்திரிகையில் மயில், விளம்பரத்தில் கார், விழா மலரில் தலைவர் போட்டோ என்று எதையும் விட்டதில்லை. ஒரு தலைவருக்குச் சட்டைப் பை வலது பக்கம் போய்விட்டது. யாரும் கேட்கவில்லை.

படம் என்பது எனக்குப் பக்கத்தை நிரப்பும் ஒரு கட்டம், அவ்வளவுதான். கேப்ஷன் எட்டு பாயிண்ட் இட்டாலிக். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்த்தது இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பத்மா வேறு மாதிரி. ஹனூர் பக்கத்து விவசாயக் குடும்பம், பி.எஸ்சி. ஃபிசிக்ஸ். ப்ரூஃப் ரீடராக மூன்று மாத ட்ரையலில் வந்திருந்தாள். அது முடிய ஒன்பது நாள் இருந்தது. நிரந்தரம் ஆகாவிட்டால் லேடீஸ் ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். போனால் மறுபடி வெளியே அனுப்ப மாட்டார்கள் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

டொர்னாடோ ப்ரூஃப் வந்தபோது அவள் முதலில் பாடத்தைத் தொடவே இல்லை. ஒரு வெள்ளைத் தாளால் அதை மூடிவிட்டு தலைப்பு, படம், லேபிள், கேப்ஷன் இவற்றை மட்டும் வரிசையாகப் பார்த்தாள்.

"என்னம்மா, படம் பாக்கறதுக்கா சம்பளம்?" என்று சீண்டினேன்.

"பிள்ளைங்க இப்படித்தானுங்க சார் படிக்கும். முதல்ல படம், அப்புறம் அதுக்குக் கீழ இருக்கறது. பாடத்துக்குக் கடைசியாத்தான் வரும். படம் ஒண்ணு சொல்லி பாடம் வேற சொன்னா, அதுங்க படத்தைத்தானுங்க நம்பும்."

ஒவ்வொரு பக்கத்திலும் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் கவனித்தேன். பதினான்காம் பக்கம் புத்தகத்தில் இடது கைப்பக்கம் வரும். புனலின் வால் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. கை தானாகப் போனது. ஃபிளிப் பண்ணினேன். லேபிள்கள் தனி லேயரில் இருந்ததால் எழுத்து இடம் வலமாகவில்லை, நகர்த்தி மட்டும் வைத்தேன். படத்தோடு ஒட்டியிருந்த அம்பும் திரும்பிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. மாதிரிப் பிரதி அந்த ஃபைலிலிருந்துதான் போனது.

ராஜண்ணா ரூமில்

போனை வைத்ததும் ராஜண்ணா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மாதிரிப் பிரதியை மேஜையில் விரித்தார்.

"பதினாலாம் பக்கம் ஓகே பண்ணது யாரும்மா?"

"நான்தானுங்க சார். ஆனா நான் பாக்கறப்ப அம்பு இதுக்கு எதிர்ப்பக்கமாத்தான் இருந்துச்சுங்க."

"அப்போ ராத்திரியோட ராத்திரியா தானா திரும்பிடுச்சா? இதேனு கதெ, என்னம்மா கதை இது!" கோபம் வந்தால் அவருக்குத் தமிழும் கன்னடமும் கலந்துவிடும். "கையெழுத்துப் போட்ட ப்ரூஃப் எங்கே?"

அது இல்லை. காகிதம் வீணாகக் கூடாது என்று பழைய ப்ரூஃபின் பின்பக்கத்திலேயே அடுத்த ப்ரூஃப் எடுப்போம். அது இன்னொரு புத்தகத்தோடு எங்கேயோ போய்விட்டது.

பத்மா என்னைப் பார்த்தாள். நான் அந்தச் சிவப்பு அம்பைப் பார்த்தேன். முருகேசன் கை பட்ட பக்கத்தில் தப்பே வராது என்று என்னைப் பற்றி ராஜண்ணா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்தப் பெயர் போய்விடும் என்று பயந்தேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

"நாளையிலேர்ந்து வர வேண்டாம்மா" என்றார் ராஜண்ணா. அவள் சரிங்க என்று சொல்லிவிட்டு பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் மத்தியானம் வரை என்னால் ஒரு பக்கமும் முடிக்க முடியவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே ராஜண்ணா ரூமுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இதுக்கா முகத்தை இப்படி வெச்சிருக்கே? ஃபிளிப் பண்ணதைத் திருப்பி ஃபிளிப் பண்ணு. ஆய்த்து, முடிஞ்சது."

அந்தச் சிரிப்பு எனக்குச் செருப்படியாக இருந்தது. அவர் திட்டியிருந்தால் தேவலை. ஒரே தப்பு அவளுக்கு வேலையைத் தின்றது, எனக்கு ஒரு சிரிப்போடு போயிற்று.

"பத்மாவைக் கூப்பிடணும் சார். நிரந்தரம்னு சொல்லிக் கூப்பிடணும். இல்லேன்னா பதிப்பகத்துக்கு நானே போன் பண்ணி யார் தப்புன்னு சொல்லிடறேன்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். பிறகு போனை எடுத்துப் பத்மாவைக் கூப்பிட்டார்.

திங்கட்கிழமை

பத்மா வந்தாள். வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: கையெழுத்துக்குப் பிறகு பக்கத்தைத் தொடுகிறவர் அதே தாளில் கீழே கையெழுத்துப் போட வேண்டும், புத்தகம் வெளிவரும் வரை அந்தத் தாள் பத்திரமாக இருக்க வேண்டும். ராஜண்ணா ஒத்துக்கொண்டார். பதினான்காம் பக்கத்தின் புதிய ப்ரூஃபில் அவள் பெயருக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். புனலின் வால் வெளியே சாய்ந்தபடியே அச்சானது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். விளக்கப்படமும் ஒரு வாக்கியம், திருப்புவதற்கு முன் வாசியுங்கள். திருப்பிவிட்டால் உடனே சொல்லுங்கள். படத்தைத் திருப்ப எனக்கு ஒரு கிளிக் ஆனது, வாயைத் திறக்க ஒரு நாளுக்கு மேல் ஆனது.

சில வாரம் கழித்து டீ குடிக்கும்போது அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். யார் திருப்பியது என்று அன்றைக்கே தெரியும் என்றாள். லேபிள் எல்லாம் நேராக இருந்து படம் மட்டும் திரும்பியிருந்தால் அது லேஅவுட் கம்ப்யூட்டரில்தானே நடக்கும்.

"அப்புறம் ஏம்மா சார்கிட்ட சொல்லலை?"

டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டு நின்னேனுங்க சார்."