புத்தகத்தில் விளைந்த சோளம்

பரந்தனுக்குக் கிழக்கே, வாய்க்காலின் கடைசி மதகுக்குக் கீழே கமலாசனி அக்காவுக்கு இரண்டு ஏக்கர் வயல். பக்கத்து வயல் என்னுடையது. போர் முடிந்து திரும்பி வந்து வயலில் இறங்கிய பிறகு, ஒருநாள்கூடக் கடையில் அரிசி வாங்காத ஆள் அவர். "கடை அரிசி தின்னுற நாள் வந்தா என்னைக் கமக்காரி எண்டு சொல்லாதேங்கோ" என்பார். பெருமை பிடித்த மனிசிதான். ஆனால் தனியாளாக நின்று சேற்றில் உழைத்துச் சேர்த்த பெருமை அது.

போன சிறுபோகக் கோடைப் பயிருக்கான விவசாயிகள் கூட்டத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு திட்ட அதிகாரி வந்து சுவரில் வரைபடத்தை விரித்தார். கோழித்தீனுக்கு நாட்டில் சோளம் போதாதாம். கடைசி மதகுக்குக் கீழே தண்ணீர் குறைவாம், அங்கே நெல் வேண்டாமாம். தண்ணீர் குறைவாம்! மேல்வயல்களில் வடிகிறதெல்லாம் எங்கள் களிநிலத்தில்தான் வந்து நிற்கிறது.

"ஐயா, அது சேத்துக் காணி. சோளம் அழுகிப்போம்" என்றார் அக்கா.

"எல்லாம் ஆராய்ந்துதான் திட்டம் போட்டிருக்கு, அம்மா" என்றார் அவர், வரைபடத்தைப் பார்த்தபடியே.

பிறகு தேத்தண்ணியும் றோல்சும் வந்தன, கூடவே கையெழுத்துத் தாளும் வந்தது. மேலே சிங்களத்தில் நாலு வரி. வரவுத்தாள் என்று நினைத்து இப்படி எத்தனை கூட்டங்களில் போட்டிருக்கிறோம்! நானும் போட்டேன். அக்காவிடம் அதை நீட்டியவனும் நான்தான், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அது சோளத்துக்கான சம்மதக் கடிதம். நெல் உழவுக்குத் தண்ணீர் கேட்டு நீர்ப்பாசன அலுவலகத்துக்குப் போனபோது கையெழுத்தைக் காட்டி, மதகைத் திறக்க மறுத்துவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் சோளம் போட்டோம். முழங்கால் உயரம் வந்தபோது மேல்வயல்காரர் தங்கள் நெல்லுக்குத் தண்ணீர் கட்டினார்கள். ஒரு கிழமைக்குள் எங்கள் சோளம் வேர் அழுகி, மஞ்சளாகிப் படுத்துவிட்டது. ஆவணியில் அக்கா பரந்தன் சந்தியில் அரிசி வாங்கினார். பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, என்னைக் கண்டும் காணாதவர்போல் போனார்.

மாரி நெல்லுக்கான காலபோகக் கூட்டத்துக்கு அதே அதிகாரி பளபளப்பான ஒரு புத்தகத்தோடு வந்தார். சோளத் திட்டம் நூறு வீதம் வெற்றியாம். விதை கொடுத்த காணியெல்லாம் விளைந்த காணி என்று கணக்காம். நடுப்பக்கத்தில் அக்கா சோள விதை மூட்டை வாங்குகிற படம். வெட்கங்கெட்ட கூட்டம்!

அக்கா எழுந்தார்.

"புத்தகத்தில விளைஞ்ச சோளத்தை எங்க வைச்சிருக்கிறியள்? என்ர பங்கைத் தாங்கோ. வீட்டில கடை அரிசியும் முடிஞ்சுது."

அதிகாரி இருமினார். "முறைப்பாடு இருந்தா எழுத்தில தாங்கோ, அம்மா."

"எழுத்தில தந்துதானே வயலைப் பறிகொடுத்தனான்!"

அதற்குள் கையெழுத்துத் தாள் என் கைக்கு வந்திருந்தது. இந்த முறை நான் அதை ஒருவரிடமும் நீட்டவில்லை.