என்னிடம் மட்டுமே இருந்த அதிகாரம்

காலை 9.40. மருத்துவமனைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ஆய்வகக் கணினித் திரையில் 'கணக்கு பூட்டப்பட்டுள்ளது' என்ற வரி. லேப் டெக்னீஷியன் கடவுச்சொல்லைப் பலமுறை தவறாக அடித்திருந்தார்.

சங்கரன்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினி நிர்வாகி நான். பூட்டிய கணக்குகளைத் திறக்கும் அதிகாரத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பாதுகாப்பு என்று காரணம் சொல்வேன். உண்மையில், எல்லோரும் என்னையே தேடுவது பிடித்திருந்தது. அன்று காலை குருவிகுளத்தில் மைத்துனர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தேன். மேளச் சத்தத்தில் மருத்துவமனையிலிருந்து போன் அடித்தது கேட்கவில்லை; தவறிய அழைப்புகளைத் தாமதமாகப் பார்த்துத்தான் ஓடி வந்தேன்.

காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் போட்டிருந்த பனவடலிசத்திரத்துக்காரர் என்னை மறித்தார்.

"ஏழு மணிக்கு ரத்தம் எடுத்தாவ. ரிசல்ட்டு கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ள இருக்காம், பாக்க முடியாதாம். என்ன வே இது?"

எங்கள் கணினி உதவிப் பிரிவில் இருக்கும் செல்வியும் விடவில்லை. "கணக்கத் திறக்குத உரிமைய மட்டும் தாங்கன்னு மூணு தடவ கேட்டேம்லா அண்ணாச்சி? என்னமோ கோயில் சாவி மாதிரி இடுப்புல சொருகி வச்சிருக்கிய!"

என் மேலேயே எரிச்சலாக இருந்தது. கணக்கைத் திறந்தேன். சிறுமிக்கு ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) மிகவும் குறைந்திருந்தன. உடனே திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர்.

ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு, செல்விக்கு அந்த ஓர் அதிகாரத்தை மட்டும் கொடுத்தேன். அதற்கு நான்கு நிமிடம்தான் ஆனது.