மரத்துக்கு அடியில் வெற்று இரும்பு

எங்கள் அக்கா ஓடில் பிர்னேவைப் பற்றி எங்கள் ஊரான நெஸ்ஸோன்வோவில் யாரைக் கேட்டாலும் கறாரான பொம்பளை என்பார்கள். ரொட்டி கருகியிருந்தால் கடைக்காரன் மூஞ்சிக்கு நேராகத் திருப்பி வைப்பாள். பதினாலு வயதில் கம்பளி ஆலைக்குப் போனவள், அம்மா படுத்த படுக்கையானதும் முப்பத்தைந்தாவது வயதில் வேலையை விட்டாள். அவளுக்குப் பேசி முடித்திருந்த ரயில்வேக்காரர் இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். பதினாறு வருடம் அம்மாவுக்கு மலஜலம் எடுத்தது அவள். ஞாயிற்றுக்கிழமை வந்து அவள் சமைத்த உருண்டைக்கறியைத் தின்றுவிட்டு, "அம்மா தெளிவா இருக்காங்களே" என்று சொல்லிவிட்டுப் போனது தம்பிகள் நாங்கள் இரண்டு பேர். பெரியவன் செர்வே. சின்னவன் நான், ஊபேர்.

செர்வே லியேஜ் நகரத்தில் பழைய துப்பாக்கிகளுக்கு மதிப்புப் போட்டவன். அதிலும் தமாஸ்கஸ் குழல் என்றால் அவன் சொன்னதுதான் சட்டம். இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் சேர்த்து முறுக்கி, அதைச் சுருளாகச் சுற்றி, உலையில் காய்ச்சி அடித்துக் குழலாக்குவார்கள். பிறகு அமிலம் பட்டதும் உடம்பெல்லாம் சுருள் சுருளாகக் கோலம் எழும். எத்தனை கம்பி, எப்படி முறுக்கியது என்று அந்தக் கோலத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான். கூடவே தலைக்கனமும் உண்டு. கல்யாண வீட்டில்கூட எதிராளியின் கைத்தடிக்கு விலை சொல்வான்.

எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி தொங்கியது. தாத்தா முப்பது வருடம் இந்தப் பள்ளத்தாக்கில் குழல் அடித்தவர். குழல் முழுக்கச் சுருள் கோலம். அவரே அடித்தது என்று ஊரே நம்பியது.

அம்மாவை அடக்கம் செய்த மறுநாள், அக்கா மாதா கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் செர்வே அதை இறக்கினான். குழலுக்கு அடியில் கை தாங்கும் மரத்தைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"இங்க பாருடா. என்ன தெரியுது?"

மரம் மூடியிருந்த இடத்தில் கோலம் இல்லை. கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோட்டில் நின்றுவிட்டது. அதற்கப்பால் வெறும் சாம்பல் நிற இரும்பு.

"அச்சுடா! காகிதத்துல எடுத்து ஒட்டின அச்சு. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு எதுக்கு மை வீணாக்கணும்னு விட்டுட்டானுங்க. நெசமான தமாஸ்கஸ்ல மரத்துக்கு அடியிலயும் சுருள் ஓடும்."

"அப்ப தாத்தா அடிச்சது?"

"அவர் அடிச்சதெல்லாம் பிரபுக்கள் வீட்டுக்குப் போச்சு. அவர் வாங்கின கூலிக்கு இதுதான் கட்டுப்படியாச்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். வாழ்நாள் முழுக்கச் சம்மட்டி பிடித்த மனுஷனை நினைத்துச் சிரித்தோம். இன்றைக்கு நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பாகம் பிரிக்க நோட்டரி முன்னால் உட்கார்ந்தபோது செர்வேவுக்கு வீடு வேண்டும், எனக்கு மேட்டுப் பேரிக்காய்த் தோட்டம் வேண்டும். அக்காவின் பங்குக்கு ஈடாக என்ன இருக்கிறது? செர்வே தன் தொழில் முத்திரை போட்ட காகிதத்தை எடுத்து வைத்தான். நாலு கம்பி முறுக்கிய அசல் தமாஸ்கஸ், பாட்டனார் கையால் அடித்தது, மதிப்பு இவ்வளவு என்று எழுதியிருந்தான். அந்தத் தொகை வீட்டு விலைக்குக் கொஞ்சமும் குறையவில்லை.

"அமெரிக்காக்காரன் இதுக்கு அலையறான்க்கா. நீதான் அதிர்ஷ்டக்காரி," என்றான்.

அக்கா அவனைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் திரும்பினாள்.

"ஊபேர், நீ சொல்லுடா. எடுத்துக்கலாமா?"

என் தோட்டம் அந்தக் காகிதத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "எடுத்துக்கக்கா. அண்ணனுக்குத் தெரியாததா?" என்றேன். அவள் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

ஆற்றோரம் ஒரு செருப்புக்கடை மாடியில் வாடகை அறை எடுத்தாள். ஐம்பத்தொரு வயதில் அலுவலகங்களில் தரை துடைக்கப் போனாள். துப்பாக்கி கட்டிலுக்கு எதிரே தொங்கியது. பன்னிரண்டு வருடம் அந்த அறைக்குப் போய் வந்தேன், அந்தச் சுவரை மட்டும் பார்க்க மாட்டேன். நிலக்கரி விலை ஏறிவிட்டது என்று அவள் பேச்செடுத்தாலே, விற்கக் கிளம்பிவிடுவாளோ என்று பேச்சை மாற்றிவிடுவேன். வருடா வருடம் ஒரு கூடை பேரிக்காய் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்கி வைத்துக்கொள்வாள். செர்வே அந்த வீட்டிலேயே சொகுசாகக் கிடந்து செத்தான்.

போன வருடம் இடுப்பு முறிந்து தடியூன்றி நடக்கத் தொடங்கியவள், போன மாதம் முதியோர் இல்லத்தில் இடம் கேட்டாள். அங்கே துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. "லியேஜ் ஏலக்கடைக்குத் தூக்கிட்டு வா, கூட நானும் வர்றேன்," என்றாள். போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன்.

ஏலக்கடையில் ஒரு சின்னப் பெண். விறுவிறுவென்று மரத்தைக் கழற்றினாள், விளக்கடியில் பிடித்தாள். முகம் சுருங்கியது. சங்கடத்தோடு அக்காவைப் பார்த்தாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இது தமாஸ்கஸ் இல்ல. மேல ஒட்டின அச்சு. பெரிசா ஒண்ணும் போகாது."

"தெரியும் கண்ணு," என்றாள் அக்கா. "பதினாறு வருஷம் எண்ணெ போட்டுத் துடைச்சவ நான்தான். மரத்தக் கழட்டாம எப்படித் துடைக்கிறது?"

அவள் விற்கவில்லை; நான் துப்பாக்கியைத் திரும்பப் போர்வையில் சுற்றினேன். வெளியே படியில் வைத்துத்தான் கேட்க முடிந்தது.

"அப்ப நோட்டரி முன்னாடியே தெரியுமாக்கா? ஏன் கையெழுத்துப் போட்ட?"

"செர்வே திருடன்னு எனக்கு அவன் சின்னதுலயே தெரியும். அதனாலதான் அவனக் கேக்கல, உன்னக் கேட்டேன்."

"அங்கயே சொல்லியிருக்கலாமே! வீடு கிடைச்சிருக்குமே!"

"வீடு கிடைச்சிருக்கும். தம்பி மிஞ்சியிருப்பானா?"

ரயிலில் கூட்டம் இல்லை. அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கிப் பக்கத்து இருக்கையில் கிடத்தினாள். பெட்டியில் வேறு எத்தனையோ இடம் காலியாக இருந்தது. நான் நெஸ்ஸோன்வோ வரை அவளுக்கு முன்னால் நின்றுகொண்டே வந்தேன். அவள் உட்காரச் சொல்லவில்லை.