கையில் ஏறாத வளையல்

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து, பயந்து, தள்ளிப்போட்டேன். புகுந்த வீட்டுச் சேதியை வெளியே சொல்லலாமா என்ற கூச்சம் ஒரு பக்கம். அந்த நாளின் பயம் இன்னொரு பக்கம். மாரியாத்தாளைக் கும்பிட்டுவிட்டுத் தொடங்குகிறேன்.

தொண்ணூறுகளில், பண்ணைப்புரத்துப் பக்கம் எங்கள் வீட்டில் எனக்கு வளைகாப்பு. தலைப்பிள்ளை, ஒன்பதாம் மாதம். என் அளவு பார்த்து வாங்கிய கண்ணாடி வளையல் எதுவும் கையில் ஏறவில்லை.

"தின்ன சோறெல்லாம் கைக்குப் போயிருச்சு போல!"

"உள்ள இருக்கது சிங்கக்குட்டிடி. அதான் ஆத்தாகாரி பூரிச்சிட்டா."

பெண்கள் சிரித்தார்கள். எனக்கோ தலை இடித்தது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறப்பதுபோல் மினுங்கியது. நல்ல காரியத்தில் நோவு சொன்னால் ஏசுவார்களே என்று வாயைத் திறக்கவில்லை.

மாமியார் சோப்பைத் தடவி அழுத்தினார். வளையல் உடைந்து ரத்தம் வந்தது. சிரிப்பு நின்றது. எல்லார் பார்வையும் அடுப்படி வாசலுக்குப் போனது. அங்கே என் கணவரின் அக்கா நின்றிருந்தார். நான் அவரை மதினி என்பேன். பிரசவத்தில் பிள்ளையைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். அப்படிப்பட்டவர் வளையல் போடக் கூடாது, கிட்டே வரவும் கூடாது என்பது எங்கள் வழக்கம்.

"உன் கண்ணு பட்டுத்தான்டி உடைஞ்சிச்சு. உள்ள போ!" என்றார் மாமியார், பெற்ற மகளைப் பார்த்து.

மதினி உள்ளே போகவில்லை. நேரே வந்து என் புறங்கையில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. அது நிரம்பவே இல்லை.

"தலை வலிக்குதா தாயி? கண்ணுல பூச்சி பறக்குதா?"

ஆமென்று தலையாட்டினேன். மதினி மாமியார் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு ஆத்தா. நீங்க பூரிப்புன்னுதான சொன்னீக? அப்புறம் வலிப்பு வந்து, புள்ளையும் போயி..." பேச்சை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப என் செருப்பைத் தேடினார்.

அதுவரை எனக்குச் சகுனத்தின் பயம். அந்தக் குழியைப் பார்த்த பிறகு சாவு பயம்.

நானும் மதினியும் பஸ் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த நர்ஸ் என்னைத் தொடவே இல்லை. "கறுத்த உடம்பு, காட்டு வேலை செஞ்ச உடம்பு. இவளுகளுக்கு ஒண்ணும் ஆகாது. வலி எடுத்ததும் கூட்டிட்டு வா."

மதினி நகரவில்லை. "கறுப்புத் தோலுன்னா வீங்காதா சிஸ்டரம்மா? தொட்டுப் பாத்துட்டு அனுப்புங்க. அதுவரைக்கும் இங்கனதான் நிப்பேன்."

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். பிரஷர் பார்த்தவர் முகம் மாறியது. "பிரஷர் ஏகத்துக்கு இருக்கு, வலிப்பு வந்துரும். இவளை உடனே படுக்க வை!"

பிறகு நடந்தது பாதிதான் நினைவிருக்கிறது. வலிப்பு வந்துவிடுமோ என்று ஒவ்வொரு மூச்சுக்கும் மாரியாத்தா பெயரைச் சொன்னேன். மதினியின் கை என் கையை விடவில்லை. மகள் உயிரோடு பிறந்தாள். நானும் பிழைத்தேன்.

வளையலை உடைத்து ஆத்தா குறி காட்டினாள் என்றுதான் எங்கள் வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். அந்தக் கதையில் மதினி இல்லை. ஆத்தாதான் காத்தாள், சந்தேகமில்லை. ஆனால் என் கையைத் தொட்டுப் பார்த்தது மதினி.

இப்போது என் மகளுக்கு வளைகாப்பு வைத்திருக்கிறோம். முதல் வளையல் மதினிதான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் முணுமுணுக்கிறார்கள். மகளின் கையைத் தினமும் அழுத்திப் பார்க்கிறேன், பயம் போகவில்லை.

இதைப் படிப்பவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சகுனக் கதையாக மாற்றிவிடாமல், மதினியைத் தள்ளிவிடாமல், நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.