தும்முகிறவளுக்குப் பின்வாசல்

மாசி முதல் வாரம், வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் திருமங்கலத்தில் ராஜபாளையம் பஸ் ஏறினேன். டிக்கெட் ஐம்பத்தெட்டு ரூபாய், தூரம் அறுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். கோயில் குளம் பார்க்கப் போகவில்லை. மகள் மஞ்சுளாவை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. மூன்று மாதமாக போனில் அவள் குரல் மூக்கடைத்தே வருகிறது. கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, சளி" என்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒரே சளியா? எனக்கும் இதே மூக்குதான். நகையோடு சேர்த்து அதையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன் போலிருக்கிறது. அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுவது என்று முடிவு செய்திருந்தேன்.

கல்லுப்பட்டி தாண்டியதும் தும்மல் ஆரம்பித்தது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கேவா அண்ணாச்சி? கிருஷ்ணன்கோவில் தாண்டட்டும். மாந்தோப்பெல்லாம் பூத்துக் கெடக்கு. எம்புட்டு வாசங்கிறீங்க!"

வாசம் அவருக்கு. எனக்குக் கண் எரிந்தது, காதுக்குள் அரித்தது. ஜன்னலைச் சாத்திவிட்டுக் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டதால் அந்த வட்டாரத்தின் அழகைப் பற்றி நான் எழுத எதுவுமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி பத்து நிமிடம் நின்றது. சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்று அரைக் கிலோ பால்கோவா வாங்கினேன். அங்கிருந்து ராஜபாளையம் அரை மணி நேரம்கூட இல்லை.

சம்பந்தி வீடு ஊரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. மாடியிலிருந்து பார்த்தால் மலை தெரியும். புழக்கடையில் கிணறு, அதன் பக்கத்தில் பெரிய மாமரம். மாப்பிள்ளைக்கு பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. அவருக்கு அப்பா இல்லை. வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். மஞ்சுளா காபி கொண்டுவந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், மூக்கு நுனி உரிந்து சிவந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குத்தான் விஷயம் புரிந்தது. மாப்பிள்ளை சட்டையை மாட்டிக்கொண்டு தறிக்குப் புறப்பட்டார். உடனே சம்பந்தியம்மா அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"ஏட்டி மஞ்சு, அவன் கெளம்புதான்."

மஞ்சுளா கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக இறங்கிப் போனாள். நான் எட்டிப் பார்த்தேன். மாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. கிளையெல்லாம் பூ, தரையெல்லாம் பூ. அங்கே நின்று அடுக்கடுக்காகத் தும்மினாள். வாசலில் பைக் கிளம்பிய சத்தம் அடங்கிய பிறகும் வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வந்தாள்.

"தொழிலுக்குப் போறவன் காதுல தும்மல் விழக்கூடாதுல்ல அண்ணே" என்றார் சம்பந்தியம்மா என்னிடம், ரொம்ப மரியாதையாக. "போன மாசம் இவ தும்முன அன்னைக்குத்தான் லோடு திரும்பி வந்துச்சு."

தும்மக்கூடாது என்று அவளைக் கொண்டுபோய் நிறுத்துகிற இடம், தும்மலுக்கென்றே இருக்கிற இடம். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

பத்து மணிக்கு அவளை அழைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். டாக்டரம்மா மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இது சளி இல்ல. அலர்ஜி. சளின்னா ஒரு வாரம், பத்து நாள்ல போயிரும்" என்றார். "காலையில எங்க இருப்பீங்க?"

"மாமரத்துக்கு அடியில" என்றாள் மஞ்சுளா.

"எதுக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "பூவா, மரத்தடித் தூசியா, பனியான்னு டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாது. எதுவா இருந்தாலும் அந்த நேரத்துல அங்க நிக்காதீங்க. மருந்து பாதி, ஒதுங்கி இருக்கிறது பாதி."

மூக்கடைப்புக்கு மெடிக்கலில் தானாகவே வாங்கி மாதக்கணக்காக விட்டுவந்த சொட்டு மருந்தை மஞ்சுளா அப்போதுதான் சொன்னாள். அதை நாலைந்து நாளுக்கு மேல் விட்டால் அதுவே மூக்கை அடைத்துவிடும் என்று டாக்டரம்மா நிறுத்தச் சொன்னார். வேறு ஸ்ப்ரே எழுதிக்கொடுத்தார். தலையை லேசாகக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கம் பார்த்து அடிக்க வேண்டும். தினமும் அடிக்க வேண்டும். குணம் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். பூக்காலத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடுவது நல்லது. தலையணை உறையை வாராவாரம் சுடுதண்ணீரில் துவைக்கவும் சொன்னார். எல்லாம் சின்னச் சின்னக் காரியம். எதற்கும் மலையைப் புரட்ட வேண்டியதில்லை.

மதியம் வீடு திரும்பியதும் சம்பந்தியம்மாவிடம் எடுத்துச் சொன்னேன்.

"தங்கச்சி, காலையில அவளைத் தோட்டத்துல நிறுத்த வேண்டாம்னு டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாங்க."

"நாங்க எங்கண்ணே நிறுத்துதோம்? அவளாத்தான் போயி நிக்கா." ஸ்ப்ரேயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அடிச்சா பழகிப் போயிரும்லா? நாளைக்குப் புள்ளகுட்டி பொறக்கணும்."

அதையும் டாக்டரிடம் கேட்டாயிற்று, பயமில்லை என்றார் என்று சொன்னேன். "பாப்போம்" என்றார். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணி. பையைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் கால் வைத்தேன். தும்மல் வந்தது, ஒற்றைத் தும்மல். மாப்பிள்ளை ஓடிவந்து நாற்காலி போட்டார்.

"மாமா, செத்த நேரம் உக்காருங்க. தண்ணி குடிச்சிட்டுப் பொறவு கெளம்பலாம்."

சம்பந்தியம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்குவமாக நீட்டினார். எனக்கு நாற்காலி, எனக்குச் செம்புத் தண்ணீர். வாங்கிக்கொண்டு, "மஞ்சு எங்க?" என்றேன்.

"பின்னால நிக்கா அண்ணே. நீங்க பயணம் பொறப்படுற நேரம்லா."

செம்பைக் கீழே வைத்துவிட்டுப் புழக்கடைக்குப் போனேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மரத்தடியில் நின்றிருந்தாள். தலைமுடியில் பூ உதிர்ந்து கிடந்தது.

"வா, நம்ம வீட்டுக்குப் போவோம்."

"தும்மலுக்காகத் திரும்பி வந்தேன்னு சொன்னா ஊரு சிரிக்கும்ப்பா." ஸ்ப்ரேயை இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். "அடிச்சிட்டுத்தான் நிக்கேன். நீங்க வாசல் வழியாவே போங்க. இங்கிட்டு வந்து பாத்தீங்கன்னு தெரிஞ்சா திரும்ப உக்கார வெச்சிருவாங்க. பஸ்ஸு போயிரும்."

வாசல் வழியாகவே வந்தேன்.

எங்கள் வீட்டில் அவள் தும்மினால் அவள் அம்மா "நூறு" என்பாள். அடுத்த தும்மலுக்கு இருநூறு. ஏழெட்டு வரும். மூக்கைத் துடைத்துக்கொண்டே, "எண்ணூறு வருசம் இருந்து நான் என்னம்மா செய்ய?" என்று கேட்பாள் மஞ்சுளா.

பத்து மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். பையை வாங்கிக்கொண்டே மனைவி கேட்டாள்.

"புள்ள வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புனாளா?"

"வந்தா" என்றேன்.