கரட் மஞ்சள்

யுத்த காலத்தில், பருமனானவர்களின் உடல் அழற்சியைக் கரட் சாறு குறைக்குமா என்று வெள்ளவத்தையில் ஆய்வு செய்துகொண்டிருந்தோம். அதில் சேர்ந்திருந்த புடவைக்கடை முதலாளி கதிரையை நிறைத்து உட்காருவார். வாரந்தோறும் சாற்றுப் போத்தல்களைத் தவறாமல் வாங்கிப் போவார். தொடர்ந்து குடித்தவர்களின் உள்ளங்கைகள் மஞ்சளாகிவிட்டன. அவருடையவை மட்டும் வெளுப்பாகவே இருந்தன.

“ஐயா, ஜூஸ் குடிக்கிறனீங்களோ?”

“ஒரு சொட்டும் வீணாப் போறேல்லை டொக்டர்,” என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

மறுநாள் அவருடைய கடைக்குப் பக்கத்துச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் அவர். அடையாள அட்டைகூடக் கேட்காமல், “யன்ன, முதலாளி” என்று சிங்களத்தில் போகச் சொல்லி, சிரித்தபடி வழிவிட்டான் ஓர் ஒல்லிச் சிப்பாய். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, என் அட்டைக்காகக் கையை நீட்டினான்.

உள்ளங்கை நல்ல கரட் மஞ்சளாக இருந்தது.